யூரியா போட்டால் மண்ணில் நுண்ணுயிர் செத்துவிடுமா?

கேள்வி இதுதான். டெல்டா பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. அப்பா முப்பது வருடமாக யூரியா, டிஏபி, பொட்டாஷ் போட்டு நெல் விளைவிக்கிறார். மகன் இயற்கை முறைக்கு மாற நினைக்கிறார். "யூரியா மண்ணில் இருந்த நுண்ணுயிரையெல்லாம் கொன்றுவிட்டது, ஜீவாமிர்தம் ஊற்றினால் கோடிக்கணக்கில் திரும்பி வந்துவிடும்" என்று ஒரு பயிற்சியில் சொன்னார்களாம். ஜீவாமிர்தம் என்பது சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்த கரைசல். அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். இதற்கு உருப்படியான ஆய்வு உண்டா, இல்லை எல்லாம் வாய்ப்பேச்சுதானா என்று மகன் கேட்கிறார்.

ஆய்வு நிறையவே உண்டு. அதில் பாதி உங்கள் பக்கம் பேசும், மீதி அப்பா பக்கம் பேசும். இயற்கை முறையில் நீண்ட நாள் நடத்திய தானிய நிலங்களில் நுண்ணுயிர் கூடுதலாக இருக்கிறது. அது பல நாடுகளில் அளந்து பார்த்த சங்கதி. ஆனால் யூரியா கொன்றதால் அந்த வித்தியாசம் வந்தது என்பதற்கும், கரைசல் ஊற்றியதால் கூடியது என்பதற்கும் ஆதாரம் மெலிவு. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

முதலில் எவ்வளவு நுண்ணுயிர் என்று ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை சுமார் 900 டன். உங்கள் மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த மண்ணில் நாலரை டன் கரிமம் இருக்கிறது. அதில் உயிருள்ள நுண்ணுயிர்களின் உடம்பில் இருப்பது பொதுவாக 1 முதல் 5 சதவீதம். நடுவில் இரண்டரை என்று வைத்தால் நூற்றுப் பத்து கிலோ கரிமம். உடம்பில் உள்ள நீரையும் மற்றதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு டன் வரும். மூன்று நாட்டு மாடு. ஒரு ஏக்கருக்கு மேலே நீங்கள் ஒரு மாடுகூடக் கட்டாமல் இருக்கலாம், கீழே மூன்று மாடு எப்போதும் கட்டித்தான் கிடக்கிறது. அவற்றுக்குத் தீனி யார் போடுகிறார்கள் என்பதுதான் முழுக் கதையும்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எண்களை நம்புவதற்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் வளர்த்து எண்ணுவது பழைய முறை. மண்ணில் இருப்பதில் நூற்றில் ஒன்றுகூடத் தட்டில் வளராது. மீதி நம் கண்ணுக்கே அகப்படாது. அதனால் 1976ல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஜென்கின்சனும் பவுல்சனும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: எண்ணாதே, கொன்று பார். இன்று ஆய்வகங்களில் நடப்பது அதன் தம்பி முறை. ஈர மண்ணை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை டெசிகேட்டர் என்ற கனத்த கண்ணாடி மூடுபாத்திரத்துக்குள் வைத்து, கூடவே ஒரு சின்னக் கோப்பையில் குளோரோஃபார்ம். பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சினால் அறை வெப்பத்திலேயே குளோரோஃபார்ம் கொதிக்கும். சலசலவென்று சத்தம்கூடக் கேட்கும். இருட்டில் 24 மணி நேரம். நுண்ணுயிர்களின் தோல் கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பிறகு இரண்டு பங்கையும் பொட்டாசியம் சல்பேட் கரைசலில் ஆட்டி வடித்து, கரைந்து வந்த கரிமத்தை அளக்க வேண்டும். செத்த மண்ணில் கூடுதலாக வந்தது எவ்வளவோ, அதை ஒரு மாறிலியால் வகுத்தால் உயிருடன் இருந்ததன் அளவு. நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் இதைச் செய்து செய்து எனக்கு மண் என்றாலே குளோரோஃபார்ம் வாடைதான் நினைவுக்கு வரும். மழை பெய்தால் எல்லாருக்கும் வரும் மண் வாசனை எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

சரி, ஆய்வுக்கு வருவோம். இந்த விஷயத்தில் ஒரே ஒரு வயலைப் பார்க்க வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள தெர்வில் என்ற ஊரை. 1978ல் அங்கே தொடங்கிய சோதனைக்கு டிஓகே என்று பெயர். சுவிஸ் அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான அக்ரோஸ்கோப்பும், ஃபிபிஎல் என்ற இயற்கை வேளாண்மை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. ஐந்து மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளத்தில் 96 பாத்திகள். டி என்றால் பயோடைனமிக் எனப்படும் உயிராற்றல் வேளாண்மை (அதுவும் இயற்கை முறையில் ஒரு வகைதான்), ஓ என்றால் இயற்கை வேளாண்மை, கே என்றால் வழக்கமான வேளாண்மை. இந்த மூன்றோடு எம் என்று ஒன்று, அது வெறும் ரசாயன உரம் மட்டும். என் என்று இன்னொன்று, அதற்கு எதுவுமே கிடையாது.

இந்தச் சோதனையின் அழகு என்னவென்றால், யாரையும் ஏமாற்றவில்லை. இயற்கை விவசாயியின் செழிப்பான தோட்டத்தையும் பக்கத்து ஊர் மலட்டு நிலத்தையும் ஒப்பிட்டுப் படம் போடுவார்களே, அந்த வேலை இங்கே இல்லை. ஒரே மண், ஒரே உழவு. எல்லாப் பாத்திக்கும் ஏழு வருடச் சுழற்சி ஒன்றேதான்: கோதுமை, உருளைக்கிழங்கு, பார்லி என்று போய், இரண்டு வருடம் புல்லும் குளோவரும் சேர்ந்த தீவனப் பயிர். அதைவிட முக்கியம், 'வழக்கமான' கே பாத்திக்கும் தொழுவுரம் உண்டு. ஐரோப்பிய விவசாயி மாடும் வைத்திருப்பான், உரக்கடைக்கும் போவான். அதை அப்படியே பாத்தியில் வைத்தார்கள். ஆக கே என்பது தொழுவுரம், ரசாயன உரம், பூச்சிமருந்து மூன்றும். எம் என்பது தொழுவுரம் இல்லாத ரசாயனம். நம் ஊர்க் கணக்கில் உங்கள் அப்பாவின் வயல் கே இல்லை, எம். இதைக் கவனியுங்கள், திரும்ப வருகிறேன்.

21 வருட முடிவுகளை 2002ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். இயற்கைப் பாத்திகளில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. உருளைக்கிழங்கு பலமாக அடிவாங்கியது. கோதுமை தப்பித்தது, வழக்கமான பாத்தியில் வந்ததில் 90 சதவீதம். உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் குறைத்துப் போட்டு, பூச்சிமருந்தை 97 சதவீதம் குறைத்துவிட்டு எடுத்த விளைச்சல் இது. மண்ணுக்குள் பார்த்தால் மண்புழுக்களின் எடை 1.3 முதல் 3.2 மடங்கு, வேரில் வேர் உட்பூசணம் என்ற பூஞ்சை பிடித்த நீளம் 40 சதவீதம் கூடுதல். நுண்ணுயிர்த் திரள், அதாவது அவற்றின் மொத்த எடை, டி பாத்தியில் அதிகம், அடுத்து ஓ, பிறகு கே, அதற்குக் கீழே எம், கடைசியில் ஒன்றுமே போடாத என்.

கடைசி மூன்று எழுத்துகளைத் திரும்பப் படியுங்கள். வெறும் ரசாயன உரம் போட்ட 'எம்' பாத்தியில்கூட, ஒன்றுமே போடாத 'என்' பாத்தியைவிட நுண்ணுயிர் அதிகம். உரம் கொல்லுவதாக இருந்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு அளவு. நுண்ணுயிரின் எடையோடு, அவை விடும் மூச்சையும், அதாவது கரியமில வாயுவையும் அளந்தார்கள். இயற்கைப் பாத்திகளில் எடைக்கு எடை பார்த்தால் மூச்சு குறைவு. தின்றதில் மூச்சாக விடுவது குறைந்து, உடம்பில் ஒட்டுவது கூடியிருக்கிறது. 'எம்', 'என்' பாத்திகளில் நேர் எதிர்: ஆள் குறைவு, மூச்சு வாங்கல் அதிகம். அரை வயிற்றோடு ஓடுகிறவனுக்கும் வீட்டில் சாப்பிட்டு நிதானமாக வேலை செய்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

ஒரே ஒரு வயலா என்று கேட்டால், இல்லை. 2017ல் உலகம் முழுவதிலுமிருந்து 56 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். இயற்கை முறை நிலங்களில் நுண்ணுயிர்த் திரளும் நொதிகளின் செயல்பாடும் 32 முதல் 84 சதவீதம் வரை கூடுதல். பயிற்சியில் உங்களுக்குச் சொன்னவர் இந்த அளவில் பொய் சொல்லவில்லை.

இப்போது அப்பா பக்கம். 2014ல் இன்னொரு தொகுப்பு வந்தது, 64 நீண்டகாலச் சோதனைகளை வைத்து. இதில் கேள்வி ஒன்றுதான்: தொழுவுரம் வேண்டாம், ரசாயனத் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் பல வருடம் போட்டால் மண் நுண்ணுயிர் என்ன ஆகிறது? ஒன்றும் போடாத பாத்தியோடு ஒப்பிட்டால் சராசரியாக 15 சதவீதம் கூடியிருந்தது. காரணம் எளிது. உரம் போட்டால் பயிர் வளரும். பயிர் வளர்ந்தால் வேரும் தாளும் கூடும். அவை மண்ணில் மக்கும்போது கீழே இருக்கிற மாட்டுக்குத் தீனி. யூரியாவையே நேரடியாக உடைப்பதும் நுண்ணுயிரின் யூரியேஸ் நொதிதானே. அவை இல்லாவிட்டால் நீங்கள் போட்ட யூரியாவைப் பயிர் இவ்வளவு சீக்கிரம் தொடக்கூட முடியாது. குருணை விழுந்த இடத்தில் ஒரு விரல்கடை அளவுக்குச் சில நாள் அமோனியா முட்டி அங்கே இருப்பது கொஞ்சம் சாகும், அவ்வளவுதான்.

ரோதாம்ஸ்டெட்டில் பிராட்பால்க் என்று ஒரு வயல். 1843லிருந்து கோதுமை. ஒரு பாத்திக்கு வருடா வருடம் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம், பக்கத்துப் பாத்திக்கு வெறும் ரசாயன உரம், இன்னொன்றுக்கு ஒன்றும் இல்லை. தொழுவுரப் பாத்தியில் மண் கரிமம், ஒன்றும் போடாததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ரசாயனப் பாத்தியில் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் இத்தனை வருடம் உப்பு உரம் தின்ற அந்தப் பாத்தி செத்துப்போகவில்லை, விளைந்துகொண்டே இருக்கிறது. நம் கோயம்புத்தூரிலும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று இருக்கிறது. கான்பூர், பூசாவோடு சேர்த்து இந்தியாவின் மிகப் பழைய மூன்றில் அது ஒன்று. அந்தப் பக்கம் போனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

ஒரு விலக்கு உண்டு, அது சின்ன விலக்கும் இல்லை. மேலே சொன்ன 64 சோதனைகளில் மண்ணின் கார அமில நிலை (பிஎச் எண்) 5க்குக் கீழே இறங்கிய இடங்களில் நுண்ணுயிர் குறைந்தது. உரத்திலிருந்து வரும் அம்மோனியம், மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளியாகும். சுண்ணாம்பு இல்லாத மண்ணில் அது வருடா வருடம் சேரும். உங்கள் அட்டையில் அந்த எண் 7, 8 என்று இருந்தால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. நீலகிரித் தேயிலைக்காரர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஆக, கூடியதற்குக் காரணம் தீனி. தொழுவுரம், தாள், வேர், சுழற்சியில் வரும் புல் பயிர். டிஓகே வயலில் மரபணு முறையில் எந்தெந்தக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று பின்னாளில் பார்த்தபோதும் பாத்திகளைப் பெரிய அளவில் பிரித்தது தொழுவுரம் போட்டதா இல்லையா என்பதுதான். இயற்கையா ரசாயனமா என்பது அதற்கு அடுத்த கோடு. சான்றிதழ் நமக்குத்தான். கீழே இருப்பதற்கு அது தெரியாது.

அப்படியானால் ரசாயன முறையில் குற்றமே இல்லையா? இருக்கிறது. யூரியாவை விட்டுவிட்டு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி மூட்டையையும் விதை நேர்த்தி மருந்தையும் பாருங்கள்.

வேர் உட்பூசணம் என்றேனே, கடையில் 'வேம்' என்று விற்பது, அது ஒரு பூஞ்சை. பயிரின் வேருக்குள்ளேயே புகுந்து குடியிருந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை நூல் நூலாக இழுத்துவந்து கொடுக்கும். கூலியாக இலை செய்த சர்க்கரையில் பங்கு கேட்கும். சில சமயம் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்று வரை போகும். சும்மா கொடுக்கிற கூலி இல்லை. அதனால் பயிரும் கணக்குப் பார்க்கிறது. மணிச்சத்துக்குப் பசி வந்தால்தான் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டு பூஞ்சையை அழைக்கும். மண்ணில் டிஏபி நிறைந்து கிடந்தால் அழைப்பே போகாது. மருந்து அடித்துச் சாகவில்லை, வேலை இல்லாமல் போய்விட்டது. நம் பக்கம் பல வயல்களில் மணிச்சத்து 'அதிகம்' என்று பரிசோதனையில் வந்தபின்பும் பழக்கத்துக்கு டிஏபி போட்டுக்கொண்டே இருக்கிறோம். காசும் போகிறது, பூஞ்சையும் போகிறது.

2019ல் சுவிட்சர்லாந்தில் 60 கோதுமை வயல்களின் வேர்களைப் பிடுங்கி உள்ளே இருந்த பூஞ்சைகளை ஆராய்ந்தார்கள். வழக்கமானவை, உழாமல் விதைப்பவை, இயற்கை முறை என்று மூன்று வகை. இயற்கை வயல்களில்தான் பூஞ்சைகளுக்கிடையேயான தொடர்பு வலை அடர்த்தியாக இருந்தது, அந்த வலையின் முடிச்சுகளாக நின்றவற்றில் பல இந்த வேர் உட்பூசண இனங்கள். வெறும் எண்ணிக்கையைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டம் பெரிதா என்பது ஒன்று, கூட்டத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது வேறு.

அதே நாட்டில் 2021ல் வந்த இன்னொரு ஆய்வு இயற்கைக்காரர்களுக்குக் கொஞ்சம் கசப்பு. 100 வயல்களின் மண்ணில் மருந்து எச்சம் தேடினார்கள். அதில் 40 இயற்கை வயல்கள். எச்சம் இல்லாத வயல் ஒன்றுகூட இல்லை. இருபது வருடம் இயற்கை முறையில் இருந்த மண்ணிலும் பதினாறு மருந்துகள் வரை கிடந்தன. வழக்கமான வயல்களில் மருந்துகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கு என்பது உண்மைதான். எச்சம் கூடிய இடங்களில் நுண்ணுயிர்த் திரளும், நல்லது செய்யும் வேர் உட்பூசணமும் குறைவாக இருந்ததும் உண்மைதான். ஆனால் நேற்று மாறிவிட்டு இன்று 'மண் சுத்தம்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. உங்கள் வயலில் அப்பாவின் முப்பது வருடமும் இருக்கும்.

இயற்கை முறைக்கு இன்னொரு சங்கடம் கலப்பை. களைக்கொல்லி இல்லையென்றால் களையை உழுதுதான் அடக்க வேண்டும். ஒவ்வொரு உழவும் அந்தப் பூஞ்சை நூல்களை அறுக்கிறது. உழாமல் விதைக்கிற ரசாயன விவசாயி இந்த ஒரு விஷயத்தில் முந்திவிடுவார், ஆனால் களைக்கொல்லி தெளித்து. எந்தப் பக்கமும் முழுச் சுத்தம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் கோதுமை. நீங்கள் வைத்திருப்பது நெல். தண்ணீர் கட்டிய வயல் வேறு உலகம். இங்கேதான் வெளிநாட்டு ஆய்வை அப்படியே தூக்கிவந்து மேடையில் பேசுகிறவர்கள் சறுக்குகிறார்கள்.

சேற்று உழவு முடிந்து தண்ணீர் நின்றால் ஓரிரு நாளுக்குள் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மேலே சில மில்லிமீட்டர் தோலும், நெல் தன் தண்டுக்குள் இருக்கும் குழாய் வழியாகக் காற்றை இறக்கி வேரைச் சுற்றி வைத்திருக்கும் மெல்லிய உறையும் தவிர. பழைய வேரைப் பிடுங்கிப் பார்த்தால் துரு நிறத்தில் பூசியிருக்குமே, அந்த உறையின் அடையாளம் அது. ஆக்சிஜன் போனதும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட வேறு எதையாவது பிடிக்கும். முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட். எல்லாம் தீர்ந்தபின் மீத்தேன் உண்டாக்குகிறவர்களின் ஆட்சி. நடவில் கால் வைக்கும்போது குபுகுபுவென்று குமிழி வந்தால் அதில் பெரும்பங்கு அவர்கள் வேலை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பேட் கூட்டம். அது முற்றினால் வேர் கறுத்துப் பயிர் தேங்கும்.

வேர் உட்பூசணம் தண்ணீர் கட்டிய வயலில் பெரிதாகப் பிடிப்பதில்லை. அதற்குக் காற்று வேண்டும். அதனால் சுவிஸ் கோதுமையின் 40 சதவீதத்தைத் தாளடி நெல்லுக்கு எதிர்பார்க்காதீர்கள். பதிலுக்கு நமக்கு வேறு கூட்டாளிகள் இருக்கிறார்கள். நெல் வயல் தண்ணீரில் படரும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று 1939ல் பி.கே. டே காட்டினார். தண்ணீரில் மிதக்கும் அசோலா என்ற பெரணியின் இலைக்குள் குடியிருப்பதும் அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான். இவர்களுக்கும் யூரியாவுக்கும் ஒரு வேடிக்கையான உறவு. தண்ணீரில் யூரியா கரைந்திருந்தால் பாசி தானாகப் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும்போது யார் உழைப்பார்கள்? அதோடு, பகலில் பாசி தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் உச்சி வெயிலில் தண்ணீரின் கார நிலை 9, 10 என்று ஏறும். அந்த நேரத்தில் நிற்கிற தண்ணீரில் யூரியா இறைத்திருந்தால் அது அமோனியாவாக ஆவியாகிப் பறந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மூட்டையில் கணிசமான பங்கு இப்படித்தான் போகிறது. அப்பாவிடம் யூரியா கொல்லுது என்று வாதாடுவதைவிட இதைச் சொன்னால் காது கொடுப்பார்.

நெல்லில் இன்னொரு முரண்: நுண்ணுயிர்ச் செயல்பாடு கூடினால் எல்லாம் நன்மை என்று இல்லை. மக்காத வைக்கோலையும் பச்சைத் தொழுவுரத்தையும் தண்ணீருக்குள் அமுக்கினால் மீத்தேன் கூட்டத்துக்குத்தான் விருந்து. இயற்கை நெல் வயலிலிருந்து ரசாயன வயலைவிட மீத்தேன் அதிகம் கிளம்புவது இதனால் நடக்கக்கூடியதே. மருந்து நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெரியவர்கள் சொல்வது: தண்ணீரைக் கட்டியே வைக்காமல், மண் லேசாகக் கீறல் விடும்போது மறுபடி பாய்ச்சுவது. காற்று உள்ளே போனதும் அந்தக் கூட்டம் அடங்கிவிடும். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும்.

இப்போது ஜீவாமிர்தத்துக்கு வருகிறேன். யாரையும் நோகடிக்க எழுதவில்லை, கணக்குதான் போடுகிறேன். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். ஒரு ஏக்கருக்கு. ஒரு மில்லியில் நூறு கோடி நுண்ணுயிர் இருப்பதாக தாராளமாகவே வைப்போம். மொத்தம் இரண்டு கோடி கோடி. மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஏக்கரின் 900 டன் மண்ணில், கிராமுக்கு அதே நூறு கோடி என்று வைத்தால், ஏற்கெனவே இருப்பது ஒன்பதாயிரம் கோடி கோடி. நீங்கள் ஊற்றுவது 4,500ல் ஒரு பங்கு. அவையும் சாணத்தில், வெல்லத் தண்ணீரில் வளர்ந்தவை. வயலில் இறங்கினால் உள்ளூர்க்காரனிடம் போட்டி போட முடியாமல் பெரும்பாலும் காணாமல் போகும்.

தீனிக் கணக்கு இன்னும் மோசம். அந்த டிரம்மில் இருக்கும் கரிமம் இரண்டு மூன்று கிலோதான் தேறும். ஒரு ஏக்கர் நெல்லில் வரும் வைக்கோல் இரண்டு டன்னுக்குக் குறையாது, அதில் 800 கிலோ கரிமம். உங்கள் ஊரில் அறுவடை இயந்திரம் போன மறுநாளே வைக்கோலைச் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றுகிறார்களே, ஒரு லோடில் போகும் கரிமத்தை ஈடுகட்ட எத்தனை டிரம் ஊற்ற வேண்டும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். கூடவே சாம்பல் சத்தும் போகிறது. நான் பார்த்தவரையில் ஜீவாமிர்தம் ஊற்றி மண் மாறியது என்று சொல்கிறவர்களில் மெய்யாகவே மாறியவர்கள், கூடவே மூடாக்கு போட்டவர்கள், பசுந்தாள் மடக்கியவர்கள், வைக்கோலை விற்காதவர்கள். பெயர் மட்டும் டிரம்முக்குப் போய்விட்டது.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்று விற்கும் நுண்ணுயிர் உரப் பொட்டலங்களுக்கும் இதே நியாயம், ஒரு வித்தியாசத்தோடு. அவற்றை வயல் முழுக்க இறைப்பதைவிட விதையிலும் நாற்றின் வேரிலும் தடவுவது பயன் தரும். முளைத்து வரும் இளம் வேரில் முதலில் இடம் பிடிக்கிறவனுக்குக் கொஞ்ச நாள் வாய்ப்பு உண்டு. கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த விதையில் உடனே தடவாதீர்கள், 24 மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று பல்கலைக்கழகமே சொல்கிறது. ஒரு கையால் பூஞ்சைக்கொல்லி, மறு கையால் நுண்ணுயிர் உரம் என்று ஒரே வாளியில் கலக்கும் கூத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாறுவதாக இருந்தால் எங்கே தொடங்குவது? வைக்கோலைப் பாதியாவது வயலில் விடுங்கள், ஆனால் நடவுக்கு முந்தின நாள் மடக்காதீர்கள். ஒரு டன் வைக்கோலில் 400 கிலோ கரிமமும் ஆறு கிலோ தழைச்சத்தும் இருக்கும். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களின் உடம்புக்கு 15 கிலோவுக்கு மேல் தழைச்சத்து வேண்டும். பற்றாக்குறை பத்து கிலோவை மண்ணிலிருந்து பறித்துக்கொள்ளும்; நாற்று நட்ட இரண்டு மூன்று வாரத்தில் வயலே மஞ்சளித்து நிற்கும். முதல் வருடம் இயற்கைக்கு மாறிய பலர் இந்த மஞ்சளைப் பார்த்துப் பயந்துதான் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பத்து கிலோ என்பது அரை மூட்டை யூரியா. யூரியா வேண்டாம் என்றால் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிர் இருக்கிறது: ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள், பூக்கும் முன் மடக்கி உழுங்கள். 25, 30 கிலோ தழைச்சத்து வந்துவிடும், தீனியும் சேர்ந்து. மூன்று ஏக்கரையும் ஒரே போகத்தில் மாற்ற வேண்டாம். ஒரு ஏக்கரை மாற்றிவிட்டு இரண்டை அப்பாவிடமே விடுங்கள். உங்களுக்கும் ஒரு தெர்வில் கிடைக்கும்.

அளக்க ஆய்வகம் வேண்டியதில்லை. 2021ல் சுவிஸ்காரர்கள் பொதுமக்களிடம் வெள்ளைப் பருத்தி உள்ளாடை கொடுத்துத் தோட்டத்தில் புதைக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால் எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்பதே விடை. பருத்தி முழுக்க செல்லுலோஸ், வைக்கோலின் உறவுக்காரன். நமக்குப் பழைய வேட்டி போதும். தை அறுவடைக்குப் பிறகு தரிசில் உளுந்து கிளம்பும்போது, மண்ணில் ஈரம் இருக்கிறபோதே, ஒரு சாண் சதுரத்தில் துண்டுகள் கிழித்து, காயவைத்து எடை போட்டுக் குறித்துக்கொண்டு, நாலு விரல்கடை ஆழத்தில் புதையுங்கள். மாற்றிய ஏக்கரில் மூன்று, அப்பாவின் வயலில் மூன்று, வரப்பில் நிற்கும் புங்கமரத்தடியில் ஒன்று. நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் கரை நூல் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டு நிற்கும். உளுந்து பறிக்கும்போது தோண்டி, அலசி, காயவைத்து மறுபடி எடை போடுங்கள். எடையை அப்பா போடட்டும்.